ஆபரேஷன் முடிந்ததும் மயக்கம் சீக்கிரம் தெளிய மருந்து இருக்கிறதா?

போன தை மாதம் எங்கள் அம்மிச்சிக்கு ஈரோட்டில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும், கூப்பிட்டால் "ம்" என்பதோடு சரி, கண் திறக்கவில்லை. மாமா பொறுக்கமாட்டாமல் மயக்க மருந்து டாக்டரிடம் போய், "ஏனுங்க டாக்டர், ஒரு ஊசி போட்டு எழுப்பி உட்ருங்க" என்றார். நீங்கள் கேட்பதும் அதேதான். அன்று அவர் விளக்கியதோடு, பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஊசி உண்டு. ஆனால் அது தூக்கத்தைக் கலைக்க அல்ல. தூங்க வைப்பது ஒரு மருந்து, தசைகளைத் தளர வைப்பது வேறு மருந்து. கடைசியில் போடும் மாற்று ஊசி, அதாவது மருந்தின் வேலையை முறிக்கும் ஊசி, இரண்டாவதற்குத்தான். வழக்கமாக நியோஸ்டிக்மின் போடுவார்கள். அது இதயத் துடிப்பைக் குறைக்கும் என்பதால் கூடவே கிளைக்கோபைரோலேட். இப்போது சுகமாடெக்ஸ் என்று ஒன்று வந்திருக்கிறது. ரோகுரோனியம் போன்ற தளர்ச்சி மருந்தின் மூலக்கூறை அப்படியே உள்ளே வாங்கி அடைத்துக்கொள்ளும். வேலை வேகம், விலையும் அதிகம். அம்மிச்சிக்கு மாற்று ஊசி முன்பே போட்டாகிவிட்டது. தலையைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடிக்கச் சொன்னபோது பிடித்தாராம். அதன் பிறகுதான் தொண்டைக் குழாயை எடுத்திருக்கிறார்கள். அப்புறம் திரும்பத் தூங்கிவிட்டார்.

அந்தத் தூக்கம் தானாகத்தான் கலைய வேண்டும். மூச்சில் கொடுக்கும் தூக்க மருந்தான செவோஃபுளுரேன் மூச்சு வழியாகவே வெளியேறும். ஊசியாகப் போடும் புரோபோஃபால் மூளையிலிருந்து மற்ற இடங்களுக்குப் பரவி, பெரும்பாலும் கல்லீரலில் சிதையும். இவற்றை முறிக்க வழக்கத்தில் மருந்து இல்லை. மார்ஃபின் போன்ற வலி மருந்து மிஞ்சி மூச்சு குறைந்தால் அதை முறிக்க நலாக்சோன் போடலாம், ஆனால் வலியும் திரும்பிவிடும். கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட்டை மயக்கத்தில் இருந்த எலிகளுக்குக் கொடுத்ததில் அவை சீக்கிரம் விழித்ததாக 2011-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 2018-இல் எட்டுப் பேருக்குக் காஃபின் ஊசி போட்டுப் பார்த்ததிலும் சீக்கிரம் விழித்தார்கள். எட்டே பேர், அதுவும் ஆபரேஷன் இல்லாத ஆரோக்கியமானவர்கள். இதை நம்பி யாரும் விழிக்காதவர் வாயில் காபி ஊற்றிவிடாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

டாக்டர் அவசரப்படவில்லை. சர்க்கரை பார்த்தார், கை சில்லிட்டிருந்ததால் இன்னொரு போர்வை போர்த்தச் சொன்னார். பிறகு, "ராத்திரியில ஏதாவது மாத்திரை போடுவாங்களா?" என்றார். அப்போதுதான் அத்தைக்கு ஞாபகம் வந்தது. அம்மிச்சி வருஷக்கணக்காகத் தூக்க மாத்திரை போடுகிறவர், முந்தின ராத்திரியும் போட்டிருக்கிறார். நாங்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மட்டும்தான் சொல்லியிருந்தோம். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

இன்னும் அரை மணி நேரத்தில் அம்மிச்சி கண் திறந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா கண்ணு?" என்றார். அத்தை அழுதேவிட்டார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், தூக்க மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு, முந்தின நாளே மயக்க மருந்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.