நானோ மருந்து இருக்கும்போது ஏன் இன்னும் பழைய கீமோவையே ஏற்றுகிறார்கள்? கம்பனிகள் மறைக்கின்றனவா?

யாரும் எதையும் மறைக்கவில்லை. புற்றுநோய்க் கலத்தை மட்டும் தேடிப்போய்க் கொல்லும் நானோ மருந்து இருக்கிறதாமே, பிறகு எதற்கு முடி கொட்ட வைக்கும் கீமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ இப்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, யாரோ உங்களுக்கு ஒரு வீடியோவும் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் லிப்போசோம் செய்து பட்டம் வாங்கியவள். லிப்போசோம் என்றால் கொழுப்பால் ஆன மிகச் சிறிய கோளம், அதற்குள் மருந்தை அடைப்போம்; நீங்கள் கேட்கும் நானோ மருந்துகளில் இதுவும் ஒரு வகை. கொழுப்பை குளோரோபோமில் கரைத்து, குடுவையைச் சுழலவிட்டு ஆவியாக்கினால் கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலம் ஒன்று ஒட்டி நிற்கும். அதில் நீர்க்கரைசலை விட்டால் பால் மாதிரிக் கலங்கும். 100 நானோமீற்றர் துளையுள்ள சவ்வு வழியாக ஊசிக்குழாயால் திரும்பத் திரும்பத் தள்ளினால் (பெருவிரல் வீங்கிவிடும்) அந்தக் கலங்கல் தெளிந்து இலேசான நீலச் சாயல் வரும். அந்த நீலம் தெரிந்தால்தான் அன்றைய வேலை சரி. 2022இல் மணித்தியாலக் கணக்கில் கரண்ட் போன காலத்தில், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கொழுப்பு ஃப்ரீசரில் கெட்டுப் போய்விடுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டே இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஏற்றிய மருந்துகளில் ஒன்று டொக்ஸோரூபிசின். நான் ஆய்வுகூடத்தில் வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றி வைக்கும் அதே சிவப்பு மருந்து. பெரியம்மாவின் மகன், கனடாவில் இருக்கும் அண்ணா, ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இரவில் கோல் எடுத்தார். "தங்கச்சி, நீ அங்க எலிக்கு எண்டு செய்யிற அந்த நானோ மருந்த அம்மாக்குக் குடுக்க ஏலாதா? இந்தக் கீமோவ நிப்பாட்டுவம்." அம்மா கஷ்டப்படுவதை அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிப்பாட்டக் கூடாது என்று அன்று நன்றாகச் சண்டை பிடித்தேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, அந்த மருந்து வந்து எத்தனையோ வருடம். டொக்ஸோரூபிசினை லிப்போசோமில் அடைத்த டொக்ஸில் என்ற மருந்துக்கு அமெரிக்கா 1995இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஜெருசலேமில் பாரன்ஹோல்ஸ், கபிசோன் என்ற இருவரும் பல வருடம் பாடுபட்டுச் செய்தது. இரண்டாவது, அது புற்றுநோய்க் கலத்தை "மட்டும்" கொல்வதில்லை. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் பரவிவிட்ட 509 பெண்களில் சாதாரண டொக்ஸோரூபிசினையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். இதயப் பாதிப்பு லிப்போசோமில் நன்றாகக் குறைந்தது. முடி கொட்டியது சாதாரண மருந்தில் 66 சதவீதம், இதில் 20 சதவீதம். ஆனால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோலுரியும் பிரச்சினை 2 சதவீதத்திலிருந்து 48 சதவீதத்துக்குப் போனது. அதாவது நஞ்சு இல்லாமல் போகவில்லை, இடம் மாறியது. இதயம் தப்புவது பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

ஏன் அப்படி? கட்டிக்குள் அவசரமாக வளரும் இரத்தக் குழாய்களில் ஓட்டை இருக்கும், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் அந்த வழியாக உள்ளே கசிந்து தங்கிவிடும் என்று 1986இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் எழுதினார்கள். சிறிய கோளங்களும் அப்படியே போய்த் தங்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் துறை முழுவதும் வளர்ந்தது. எலியில் கட்டி வேகமாக வளரும், உடம்பின் அளவுக்குப் பார்த்தால் பிரமாண்டமாகவும் இருக்கும், அதனால் அங்கே நன்றாகவே வேலை செய்வது போலத் தெரியும். மனிதக் கட்டி ஆளுக்கு ஆள் வேறு, ஒரே ஆளுக்குள்ளும் இடத்துக்கு இடம் வேறு. கட்டிக்குள் திரவ அழுத்தம் வேறு கூடுதலாக இருந்து, வருவதை வெளியே தள்ளும். அதற்கு முன்பே ஈரலும் மண்ணீரலும் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். 2016இல் டொரொண்டோ ஆய்வாளர்கள் பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலும் எலிகளில்தான், ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுத்தரமாக 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை! சரி, போய்ச் சேர்ந்தாலும் போதாது, உள்ளே போனபின் மருந்து வெளியே வர வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தை இதே மாதிரி அடைத்துப் பார்த்தார்கள், கோளம் அவ்வளவு இறுக்கமாக இருந்ததால் மருந்து வெளியே வராமல் நோயாளிகளுக்குப் பயன் கிடைக்கவில்லை.

கம்பனிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று கீழே எழுதப் போகிறீர்கள், தெரியும். விலை விஷயத்தில் எனக்கும் கோபம்தான். அதே டொக்ஸோரூபிசின் லிப்போசோமுக்குள் போனவுடன் பல மடங்கு விலை. ஆனால் செய்வதும் லேசில்லை. 2011இல் ஒரு தொழிற்சாலை நின்றதற்கு அமெரிக்காவிலேயே டொக்ஸில் தட்டுப்பாடு வந்து, 2012இல் இந்தியாவின் சன் பார்மாவிலிருந்து தற்காலிகமாக இறக்குமதி செய்தார்கள். மறைத்து வைப்பவர்கள் விற்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு வருமா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். முதல் மருந்து ஏறிய அன்று இரவு பெரியம்மா நடுங்கிக்கொண்டு கோல் எடுத்தார். "பிள்ளை, ஒண்டுக்கு ரத்தமாப் போகுது." அது இரத்தமில்லை, மருந்தின் நிறம். ஓரிரு நாளில் போய்விடும். அந்த ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) கொடுத்த துண்டில் இது தெளிவாக எழுதியிருந்தது, ஆனால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி, கொழும்பில் தமிழ் பேசுபவர்கள் எத்தனை பேர், ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? தாதிமாரைச் சொல்லவில்லை, அவர்கள் கைச்சாடை காட்டியாவது விளங்கப்படுத்தப் பார்த்தார்கள். நான் நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், காய்ச்சல் 38 பாகைக்கு வந்தால் விடியும்வரை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. இரண்டாவது வரிதான் முக்கியம், கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியது மருந்தை நிறுத்துவது அல்ல. டொக்ஸோரூபிசின் என்றால், இதுவரை மொத்தம் எவ்வளவு ஏறியது என்று டொக்டரிடம் கேளுங்கள், இதயத்தைப் பாதிக்கும் என்பதால் வாழ்நாளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கான்) எடுத்தார்களா என்று கேளுங்கள். ஏற்கனவே இதய நோய் இருந்தால் லிப்போசோம் வகை பொருந்துமா என்றும் வாய்விட்டே கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். கையில் இருக்கும் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டால் மருந்தின் பெயரை மட்டும் கீழே போடுங்கள், அதன் பக்கவிளைவுகளைத் தமிழில் எழுதித் தருகிறேன்.