தினம் இருபது சொல்

அன்புள்ள சார்,

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். பொறியியல் முடித்துவிட்டு கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் வரும். ஆனால் ஒரு மீட்டிங்கில் உடன் வேலை செய்பவர் சொன்ன ஒரு சொல் எனக்கு மட்டும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டி மாட்டிக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கான 3500 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு தினம் இருபது சொல் மனப்பாடம் செய்கிறேன். மொபைலில் அதற்கு ஒரு ஆப்பும் உண்டு. ஆனால் எதுவும் மனதில் தங்குவதில்லை. உயர்தர ஆங்கிலச் சொல்வளத்துக்கு எந்தப் புத்தகம் நல்லது? எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்? தமிழ் நாவல் படிப்பதை நிறுத்தினால் வேகம் கூடுமா? நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. தமிழ் நாவலை நிறுத்தினால் தமிழ் போகும், ஆங்கிலம் வராது. சிரித்தவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, விடுங்கள்.

சென்ற மாதம் ஒரு கல்லூரி ஆண்டு மலரைப் புரட்ட வாய்த்தது. மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளில் ஒவ்வொரு வாக்கியமும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. இணைப்பைப் படித்தேன். சர்வர் நின்றுபோனதைச் சொல்ல ‘தி சர்வர் சக்கம்டு டு எ கலாமிட்டஸ் டிமைஸ்’ என்று, அதாவது சர்வர் பேரழிவான மரணத்துக்கு இரையானது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய் சர்வருக்குப் போட்டுவிட்டு வரலாமா என்று இருந்தது. மூன்று சொற்களுக்கும் அகராதிப் பொருள் சரிதான். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் யாரும் அவற்றை ஒரு இயந்திரத்துக்குப் பக்கத்தில், அதுவும் அலுவலகக் கடிதத்தில், கேலிக்காக அன்றி வைக்கமாட்டார். எது எதோடு சேரும், எது சேராது என்பது பட்டியலில் இருக்காது. பட்டியலை ஒப்பிக்க வைக்கிற ஆப்பும் அதைச் சொல்லித்தராது.

பட்டியலைக் கொடுத்தது ஆப். அதற்கு முன்பு, எங்கள் காலத்தில், அந்த வேலையைப் பேப்பர் செய்தது. ஆங்கிலம் வர வேண்டுமானால் தலையங்கம் படி என்பார்கள். எந்தப் பேப்பர் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என் சித்தப்பா அந்தத் தலையங்கக் கட்சியின் தீவிரத் தொண்டர். காலையில் பேப்பர் வந்ததும் தலையங்கத்தில் தெரியாத சொற்களுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட வேண்டும். அகராதி பார்த்து, அரைக்குயர் நோட்டில் பொருள் எழுதி, சாயங்காலம் அவரிடம் ஒப்பிக்க வேண்டும். ஐஎம்எஃப் கடனைப் பற்றிய ஒரு தலையங்கத்தில் கோடு போடாத இடமே இல்லாமல் போனது. ஐஎம்எஃப் என்றால் என்ன என்பதை சித்தப்பாவும் சொல்லவில்லை, நோட்டும் சொல்லவில்லை.

எனக்கு ஆங்கிலம் வந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லெண்டிங் லைப்ரரியில். அட்டை கிழிந்த ஜேம்ஸ் ஹாட்லி சேஸ்தான். முதல் பக்கத்தில் பிணம் விழுந்துவிடும். அப்புறம் யாராவது அகராதியைத் தேடிக்கொண்டிருப்பார்களா? தெரியாத சொல்லைத் தாண்டி ஓடுவேன். அதே சொல் நாற்பதாம் பக்கத்தில் வரும், அடுத்த புத்தகத்திலும் வரும். ஒரு நாள் அது எனக்குத் தெரிந்த சொல்லாக இருக்கும். எப்போது தெரிந்தது என்று சொல்ல முடியாது. சித்தப்பா கண்டுபிடித்து ‘குப்பை’ என்றார். குப்பைதான், யார் இல்லை என்றது? (ஒரு வேடிக்கை: சேஸ் இங்கிலாந்துக்காரர். அமெரிக்கக் கொலைகாரர்களின் பேச்சைக் கொச்சைமொழி அகராதிகளையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டுதான் எழுதினார். உங்கள் கட்சிக்குச் சாதகமான தகவல். வைத்துக்கொள்ளுங்கள்.)

என் சித்தப்பாவோடு தீராத வழக்கு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். சொல்வளத்தைப் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்த நியூசிலாந்துக்காரர் பால் நேஷன். அவரும் ஹூ என்ற ஆய்வாளரும் 2000-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கதையில் சில சொற்களை எடுத்துவிட்டுப் பொருளற்ற சொற்களை இட்டு மாணவர்களிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 80 சொற்கள் தெரிந்திருந்தும் ஒருவருக்குக்கூடக் கதை ஒழுங்காகப் புரியவில்லை. யார் துணையுமின்றிப் படித்து ரசிக்க 98 தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் ஆறு சொற்கள் தெரியாமல் இருக்கலாம். அதுவே அறுபது என்றால் அது படிப்பு இல்லை, தண்டனை. தலையங்கம் எனக்கு அறுபது, சேஸ் ஆறு. அவ்வளவுதான் விஷயம்.

இது புதிய ஞானமும் இல்லை. 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பையன்கள் வருஷக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாமாகப் படிக்க முடியாமல் இருப்பதைப் பார்த்தார். பாடநூல்களில் கிடந்த பழைய இலக்கியச் சொற்களைத் தூக்கிவிட்டு, புழக்கத்தில் உள்ள சொற்களை வைத்து வாசக நூல்கள் எழுதினார். அதிகம் பயன்படும் சுமார் 2000 சொற்களின் பட்டியல் 1953-இல் அவர் பெயரில் வந்தது. அவரும் பட்டியல்தானே போட்டார் என்பீர்கள். ஆம், எளிய சொற்களின் பட்டியல்! நாம்தான் அதைத் தலைகீழாக்கி, யாரும் பேசாத சொற்களைத் தேடித் தேடி எடுத்து வைத்திருக்கிறோம்.

ஆர். கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஒரு வருஷம் மைசூரில் வீட்டோடு இருந்தார். அந்த வருஷம் முழுக்க என்ன செய்தார்? கிடைத்ததையெல்லாம் படித்தார். அவர் எழுதிய ஆங்கிலத்தில் உங்கள் பட்டியல் சொல் எத்தனை அகப்படும் என்று தேடிப் பாருங்கள். பிரிட்டனிலேயே கருவூலத் துறை, அதிகாரிகள் எளிமையாக எழுதப் பழக வேண்டும் என்று எர்னஸ்ட் கவர்ஸ் என்பவரிடம் கேட்டு ஒரு கையேடு எழுதி வாங்கியது. 1948-இல் வெளியானது. அவர்களே கழற்றிப் போட்ட கோட்டை நாம் இன்னும் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு வேண்டியது ஆங்கிலமா, சிரித்தவர்களுக்குப் பதிலடியா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பதிலடிதான் என்றால் இருபது போதாது, நாற்பதாக ஆக்குங்கள். சீக்கிரம் சலித்துப்போகும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, முதலாம் ஆண்டு பொறியியல் வகுப்பில் திடீரென்று எல்லாமே ஆங்கிலமாகிப்போக, அதையும் தாண்டி வந்து வேலையில் நிற்கிறவர் நீங்கள். தலையாட்டியதெல்லாம் ஒரு குற்றமா? அடுத்த முறை ‘அப்படின்னா என்ன?’ என்று கேளுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னவருக்கே விளக்கத் தெரிகிறதா பார்க்கலாம்.

எத்தனை சொற்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சொல்லையும் அதிலிருந்து கிளைப்பவற்றையும் சேர்த்து ஒரு குடும்பம் என்று வைத்தால், துணையில்லாமல் ஆங்கில நாவல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் குடும்பங்கள் வேண்டும் என்பது நேஷன் 2006-இல் போட்ட கணக்கு. அதைக் கேட்டு மலைக்க வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே எத்தனையோ ஆயிரம் தெரியும். ஜிஆர்இ எழுதப்போகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதுவதானாலும், எதிர்ச்சொல் கேட்கும் பகுதியை 2011 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள்.

ஆப்பை அழிக்க வேண்டாம். மறந்துபோகும் நேரம் பார்த்து மறுபடி கேட்கிற முறை நல்ல முறைதான். ஆனால் பட்டியலை அதிலிருந்து எடுத்துவிட்டு, படிக்கும்போது இரண்டு மூன்று முறை உங்கள் வழியில் குறுக்கிட்ட சொல்லை மட்டும் போடுங்கள். அது வந்த முழு வாக்கியத்தோடு போடுங்கள். வாரத்துக்கு ஐந்தாறு சேர்ந்தால் அதிகம்.

எந்தப் புத்தகம் என்று கேட்கிறீர்கள். தமிழில் என்ன நாவல்கள் படிக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே? துப்பறியும் கதையா, சரித்திரமா, குடும்பக் கதையா? அதைச் சொன்னால்தான் நான் ஏதாவது சொல்ல முடியும்.