ரப்பர் வைத்த புல்லியும் பில் இல்லாத கடையும்

தை அறுவடை நெருங்குகிறது, வந்த கேள்விகளில் பாதி மிஷின் சாமான் பற்றித்தான். அதிலும் கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) புல்லியில் இருக்கிற, அதிர்வை அடக்கும் டேம்பரைப் பற்றி மட்டும் ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை மொத்தமாக அதையே பார்த்துவிடலாம்.

கேள்வி: ஐயா, டயர் வைத்த அறுவடை மிஷின் ஒன்று சொந்தமாக வைத்து நானே ஓட்டுகிறேன். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். முன்பக்க டேம்பரில் ரப்பர் பிதுங்கி வெளியே தெரிகிறது. கம்பெனி சாமான் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, லோக்கல் சாமான் அதில் மூன்றில் ஒரு பங்குதான். மெக்கானிக்கோ, "ரப்பரே வேண்டாம், லேத்தில் ஒரே கட்டியாகப் புல்லி கடைந்து மாட்டிவிடலாம், பெல்ட் சுற்றினால் போதாதா?" என்கிறார். எதைச் செய்வது? (மன்னார்குடி வாசகர்)

பதில்: மெக்கானிக் சொன்னதை முதலில் தள்ளிவிடுங்கள். பெல்ட்டைச் சுற்றுவது அந்தச் சாமானின் உபவேலை, உண்மையான வேலை வேறு.

உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 2200 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை டீசல் வெடிக்கும், அதாவது வினாடிக்கு 110 அடி. ஒவ்வொரு அடிக்கும் கிராங்க், ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி, ஒரு இம்மி முறுக்கிக்கொண்டு திரும்பும். அத்தனை கனமான இரும்பு முறுக்கிக்கொள்ளுமா என்று கேட்காதீர்கள், முறுக்கிக்கொள்ளும். நீளமான கிராங்க் என்றால் கூடுதலாகவே முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஊஞ்சல் கதைதான். சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் குழந்தைகூட ஆளை உயரே அனுப்பிவிடும் இல்லையா, அதே போல ஏதாவது ஒரு வேகத்தில் இந்த அடிகள் கிராங்கின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போய்விட்டால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். அதை அடக்கத்தான் டேம்பர். நடுவில் ஹப், அது கிராங்கோடு சேர்ந்து சுற்றும். வெளியே கனமான இரும்பு வளையம். இரண்டுக்கும் நடுவே ரப்பர். கிராங்க் வெடுக்கென்று அசையும்போது வளையம் உடனே கூட வராது, ரப்பர் பிசையப்படும், அந்த ஆட்டம் சூடாக மாறிப் போய்விடும். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1910-லேயே முறுக்கு ஆட்டத்தை அடக்கும் சாமானுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், புதுச் சமாச்சாரமே இல்லை.

கட்டிப் புல்லி போட்டால் மறுநாளே ஒன்றும் ஆகாது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இந்த முறுக்கு ஆட்டம் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வண்டி நன்றாக ஓடுகிறதே என்றுதான் தோன்றும். நீடாமங்கலம் பக்கம் ஒரு வயலில் நானே பார்த்தேன்: முந்தின பட்டத்தில் பட்டறைக்காரர் கட்டிப் புல்லி போட்டுக் கொடுத்திருக்கிறார், ஒரு குறையும் இல்லை, அடுத்த சம்பாவில் பாதி வயல் அறுத்த நிலையில் கிராங்க் இரண்டாக உடைந்து நின்றுவிட்டது. உடைந்த முகத்தைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு இடத்திலிருந்து சங்குக் கோடு மாதிரி வளைவு வளைவாக வழவழவென்று விரிசல் வளர்ந்திருந்தது, கடைசியில் மிச்சமிருந்த கொஞ்ச இடம் மட்டும் கரடுமுரடாகப் புதிதாக முறிந்திருந்தது. அதாவது பல நாளாக உடைந்துகொண்டே இருந்திருக்கிறது.

இனி கம்பெனியா, லோக்கலா. லோக்கல் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஜின் கம்பெனிக்கே சப்ளை பண்ணுகிறவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் போட்டுச் சந்தையில் விற்பதும் உண்டு. அது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், விலையும் நடுவில் இருக்கும். ஆனால் "பாருங்க, அச்சு அசல் அதே அளவு" என்று பெயரில்லாத பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினால் நம்பாதீர்கள். போல்ட் துளை ஒத்துப்போகும், விட்டம் ஒத்துப்போகும், வளையத்தின் கனமும் ரப்பரின் கடினமும் உங்கள் கிராங்குக்குச் சரியா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரே இன்ஜினில் குதிரைசக்தி மாறினால்கூட டேம்பர் மாறும். அதனால் பழைய சாமானை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், இன்ஜின் நம்பர் தகட்டைப் போட்டோ எடுத்துப் போய் பார்ட் நம்பரை வைத்துக் கேளுங்கள்.

கடையிலேயே பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பெட்டியில் தயாரித்தவர் பெயர், மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு வருஷம் பரணில் கிடந்த ரப்பர் ஓடாமலே கிழடு தட்டியிருக்கும். ரப்பரில் நகத்தை அழுத்தினால் பதிந்து உடனே மேலே வர வேண்டும், தழும்பு நிற்கக் கூடாது, நுணுக்கமான வெடிப்பும் கூடாது. ஹப்பின் முகமும் வளையத்தின் முகமும் சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறதா என்று ஒரு ஸ்கேலை வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

மாட்டும்போது நடக்கிற கூத்துதான் பாதி சாமானைக் கெடுக்கிறது. ஹப் ஏறவில்லை என்று கேஸ் டார்ச்சைப் பிடிப்பார்கள், ரப்பர் அப்போதே செத்துவிடும். கழற்றும்போது புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவியை) வெளி வளையத்தில் மாட்டி இழுப்பார்கள், அதைவிடச் சுத்தியலே பரவாயில்லை என்று சொல்லத் தோன்றும், ஆனால் சுத்தியலும் கூடாது. ஹப்பில் புல்லருக்கென்றே மறை போட்ட துளை இருக்கும், அதில்தான் மாட்ட வேண்டும். போல்ட் மாற்றச் சொல்லி மேனுவலில் இருந்தால் புது போல்ட்தான், பழையது இழுபட்டிருக்கும். துடைப்பதற்கு டீசல், மண்ணெண்ணெய் வேண்டாம். நிறைய டேம்பரில் இருக்கிற ஈ.பி.டி.எம். ரப்பர் சூட்டைத் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். உங்கள் பழைய ரப்பர் பிதுங்கியதற்குக் காரணம் முன்பக்க ஆயில் சீல் ஒழுகலாகக்கூட இருக்கலாம், அதைப் பார்க்காமல் புதுசு போட்டால் இதே கேள்வியோடு அடுத்த வருஷமும் வருவீர்கள். கூளமும் தூசியும் புல்லியைச் சுற்றி அப்பிக்கொண்டு போர்வை போர்த்தின மாதிரி ஆகிவிடாமல் சாயந்திரம் தட்டிவிடுங்கள், ரப்பர் தானே சூடாகிற சாமான், காற்று பட வேண்டும்.

கடைசியாக, மாட்டின அன்றே வெள்ளைப் பெயின்ட்டால் ஹப், ரப்பர், வளையம் மூன்றின் மேலும் குறுக்கே ஒரே நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். 50 மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து வளையத்துப் பக்கம் தள்ளிப் போயிருந்தால் ரப்பர் வழுக்குகிறது, சாமானைக் கையோடு திருப்பிக் கொடுங்கள். கோடு நேராக இருந்தால் நிம்மதியாக அறுங்கள்.

கேள்வி: மினி லாரியில் புது டேம்பர் ஹப் போட்டதிலிருந்து முன்பக்கம் ஆயில் ஒழுகுகிறது. மூன்று சீல் மாற்றியாயிற்று. சீல் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா? (பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: மூன்று சீலும் ஒரே மாதிரி ஒழுகினால் சீலைத் திட்டிப் பயனில்லை, ஹப்பைப் பாருங்கள். நிறைய இன்ஜின்களில் சீலின் உதடு உட்காருவதே ஹப்பின் கழுத்தில்தான். அந்தக் கழுத்தை லேத்தில் கடைந்து அப்படியே விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத மறை ஒன்று அதில் இருக்கும், திருகாணி போல அது ஆயிலை வெளியே தள்ளிக்கொண்டே வரும். அதனால்தான் நல்ல தயாரிப்பில் அந்த இடத்தைச் சாணைக் கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே கொடுத்து கிரைண்டிங் பண்ணுவார்கள்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஹப்பைக் கழற்றி லேத்தில் படுக்கை வசத்தில் நேராகப் பிடித்து, கழுத்தில் லேசாக ஆயில் தடவி, ஒரு தையல் நூலைச் சுற்றிப் போட்டு நுனியில் சின்ன எடை கட்டித் தொங்கவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். நூல் நின்ற இடத்திலேயே நின்றால் சரி. ஒரு பக்கமாக நடந்து, திருப்பிச் சுற்றினால் எதிர்ப்பக்கம் நடந்தால் மறை இருக்கிறது. அதை வீடியோ எடுத்துக்கொண்டு ஹப் விற்ற கடைக்குப் போங்கள். பழைய ஹப்பாக இருந்து சீல் தேய்த்த பள்ளம் விழுந்திருந்தால் மட்டும், கால் மி.மீ. கனத்துக்கு மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது, அதைக் கழுத்தில் ஏற்றி ஓட்டிவிடலாம். புதுச் சாமானுக்கு அந்த வைத்தியத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அண்ணா, கும்பகோணத்தில் லேத் வைத்திருக்கிறேன். டேம்பர் ஹப்பை நானே தயாரித்து விற்றால் என்ன? பழைய சாமானை அளந்தால் டிராயிங் வந்துவிடுமே. (ஐ.டி.ஐ. படித்தவர்)

பதில்: வராது தம்பி. பழைய சாமானை அளந்தால் தேய்மானத்தின் டிராயிங்தான் வரும். 40 மி.மீ. போரில் (நடுத் துளையில்) எச்7 என்ற அளவுத் தரம் போட்டிருந்தால் உனக்கு இருக்கிற இடைவெளி மொத்தமே 25 மைக்ரான், தலைமுடியில் பாதிகூட இல்லை. நீ அளக்கிற ஹப்பை ஏற்கெனவே நான்கு பேர் தட்டிக் கழற்றியிருப்பார்கள், அந்த போர் அதைவிட அகன்று போயிருக்கும்.

ஹப் மட்டும் என்றால் உன்னால் முடியும், அதை மறுக்கவில்லை. இரும்பை முதலில் முடிவு செய். சாதா வார்ப்பிரும்பில் (சி.ஐ.) எஃப்.ஜி. 260 விலை குறைவு, கடைவதும் சுகம், ஆனால் இழுவிசைக்கு விட்டுக்கொடுக்கும். இறுக்கமாக ஏற்றுகிற ஹப் என்றால் சாவிக்காடி (சாவி உட்காரும் பள்ளம்) மூலையிலிருந்து வெடிக்கும். எஸ்.ஜி. அயர்ன் (கிராஃபைட் உருண்டையாக இருக்கிற வார்ப்பிரும்பு) 500/7 என்றால் இழுவலு ஏறக்குறைய இரண்டு மடங்கு, உடைவதற்கு முன் கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். டிராயிங்கில் எஸ்.ஜி. என்று இருந்தால் அதை சி.ஐ.யில் ஊற்றிக் கொடுக்கிற வேலை மட்டும் செய்யாதே, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்பதால்தான் சொல்கிறேன். உனக்குப் பக்கத்திலேயே சுவாமிமலை. அங்கே காவிரி வண்டலை மெழுகின் மேல் பூசிச் சிலை வார்க்கிறார்கள், சின்னக் காற்றுத்துளை விழுந்தால் ஸ்தபதி அடைத்துச் சரிபண்ணிவிடுவார். ஹப்பில் சீல் உட்காரும் கழுத்தில் அந்தத் துளை வந்தால் அடைக்கக் கூடாது, திரும்ப உருக்கத்தான் போட வேண்டும்.

போரையும் சீல் கழுத்தையும் ரப்பர் உட்காரும் வெளிவிட்டத்தையும் ஒரே பிடிப்பில் முடித்துவிடு, திருப்பித் திருப்பிப் பிடித்தால் மையம் தப்பும். அப்புறம் பேலன்ஸிங். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தால் 2200 சுற்றில் அது ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்கும், அதுவும் கிராங்கின் மூக்கில். புது டேம்பரில் அங்கங்கே டிரில் போட்ட குழி தெரியுமே, வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்து ஓட்டைச் சாமான் என்று சண்டைக்கு வருவார்கள், அது கனத்தைச் சரிசெய்யப் போட்ட குழி.

உனக்குச் சிக்கல் ரப்பர்தான். பட்டையைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு நசுக்கி இரண்டு இரும்புக்கும் நடுவே ஏற்ற வேண்டும், ஹப்பின் வெளிமுகத்தில் அலை மாதிரி ஒரு வளைவு விட்டால்தான் வளையம் முன்னே பின்னே நழுவாது, ரொம்ப வழவழப்பாக்கினாலும் வழுக்கும். அதையெல்லாம் பிரஸ் வைத்துச் சமாளித்தாலும், இந்த ஜோடி எந்த அதிர்வெண்ணில் ஆடுகிறது என்று சோதிக்கிற மேஜை இல்லாமல் டேம்பர் என்ற பெயரில் விற்கக் கூடாது என்பது என் கருத்து. ஏற்கெனவே டேம்பர் செய்கிறவர்களிடம் டிராயிங் வாங்கி ஹப்பை மட்டும் ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடு, மானமாகப் பிழைக்கலாம். இன்னொன்று, யாராவது வந்து பெரிய கம்பெனி முத்திரையைக் குத்திக் கொடு, இரண்டு மடங்கு தருகிறேன் என்பார்கள். 1999-ம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தில் அதற்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை ஜெயில்.

கேள்வி: போர்செட்டுக்கு ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின். அதற்கும் டேம்பர் போட்டால் அதிர்வு குறையும் என்று கடைக்காரர் சொல்கிறார். (திருவையாறு வாசகர்)

பதில்: வேண்டாம். குட்டைக் கிராங்க், அது முறுக்குவதற்கு நீளமே இல்லை. இரண்டு பக்கமும் ஃப்ளைவீல் இருக்கிறது, ஓட்டத்தைச் சீராக்க அது போதும். இன்ஜின் குதிக்கிறது என்றால் அடியில் அஸ்திவார போல்ட்டை முறுக்கிப் பாருங்கள், செலவு இல்லை.

கேள்வி: டேம்பர் வாங்கி 20 நாளில் வளையம் கழன்றுவிட்டது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று துண்டுச்சீட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள், ஜி.எஸ்.டி. பில்லும் தரவில்லை. வாடகைக்கு ஓட்டுகிற மிஷினுக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு எடுப்பார்களா? (திருவாரூர் வாசகர்)

பதில்: அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதே கணக்கில்தான் வரும். உங்களுக்கு 20 நாள்தானே ஆகியிருக்கிறது, இன்றைக்கே எழுதிக் கொடுங்கள், அல்லது வாட்ஸ்அப்பிலாவது போட்டோவோடு அனுப்புங்கள், வாயால் பேசினதற்குச் சாட்சி இல்லை.

வாடகை மிஷின் என்பது கொஞ்சம் நுணுக்கமான இடம். வணிக நோக்கத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் ஆகமாட்டார், ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் நுகர்வோர்தான். ஒரு மிஷின் வைத்து நீங்களே ஓட்டினால் கவலையில்லை. ஐந்து மிஷின், ஐந்து டிரைவர், நீங்கள் கணக்கு மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் எண் வாங்குங்கள், பல கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வந்துவிடுகிறார்கள். வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சாமானை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் அவகாசம். பில் இல்லாத குறைக்கு ஜி-பே பண்ணின விவரமும் அந்தத் துண்டுச்சீட்டும் உதவும். ஆணையம் நினைத்தால் சாமானை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும், அதனால் கழன்ற வளையம், ஹப், ரப்பர்த் துணுக்கு எதையும் கழுவாமல் அப்படியே ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வையுங்கள். மெக்கானிக் ஷெட்டில் விட்டுவைக்காதீர்கள், பழைய இரும்புக்காரர் வந்தால் அடுத்த வாரமே போய்விடும்.