கண்ணில்லாதவர்களின் கப்பல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கலை இயக்க உதவியாளராக இருக்கிறேன். மொத்தம் 8 பகுதிகள். கதையில் பாதி ஒரு வேற்றுக்கிரகக் கப்பலுக்குள் நடக்கிறது. அந்தக் கப்பலுக்கு உரியவர்கள் ஏழடி உயரம், கைக்கு மூன்று விரல், கண் கிடையாது. வௌவாலைப் போல ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு நடமாடுகிறவர்கள். அவர்களிடம் மூன்று மனிதர்கள் சிறைப்படுகிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்திருக்கும் தளம் 60 அடிக்கு 40 அடி. நடைகூடம், கட்டுப்பாட்டு அறை, சிறை மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். என் வரைபடங்களை இணைத்திருக்கிறேன். விலா எலும்பு போன்ற வளைவுகள், ஊதா வெளிச்சம், கட்டுப்பாட்டு அறையில் ஏழு பெரிய திரைகள். இயக்குநர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்கிறார். எங்கே தவறுகிறது? சுவர்களைத் தெர்மோகோலில் செதுக்குவதா, ஃபைபரில் வார்ப்பதா? பின்னணிக் காட்சியைக் காட்டும் ராட்சதத் திரையான எல்.இ.டி. சுவர் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கண்ணே இல்லாதவர்களின் கப்பலில் ஏழு திரைகள் வரைந்திருக்கிறீர்கள். இயக்குநரின் மனக்குறைக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. விலா வளைவும் ஊதா ஒளியும் மற்ற தொடர்களிலிருந்து உங்கள் கைக்கு வந்தவை. இவ்வளவு நல்ல உயிரினத்தைக் கதாசிரியர் கொடுத்திருக்கிறார். அதன் உடம்பிலிருந்து கப்பலை வரையுங்கள்.

எதிரொலியில் வாழ்கிறவருக்கு எது வெளிச்சம், எது இருட்டு என்று முதலில் கேளுங்கள். வௌவால் ஆய்வுகளில் இதற்கு விடை கிடைக்கிறது. வழவழப்பான செங்குத்துப் பரப்பின் மேல் சாய்வாகப் படும் ஒலி வேறு பக்கம் போய்விடும். வௌவாலுக்குத் திரும்பி வராது. அங்கே திறந்த வெளி இருப்பதாக எண்ணிப் பறந்து முட்டிக்கொள்கிறது. 2017ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துக் காட்டியது. அதே வழவழப்பு கிடையாகப் படுத்திருந்தால் அதைத் தண்ணீர் என்று எண்ணிக் குடிக்க இறங்குகிறது. இது 2010ல் வந்த ஆய்வு. இன்னொன்று, கியூபாவில் வளரும் மார்க்கிராவியா எவேனியா என்ற கொடி. அதன் பூங்கொத்துக்கு மேலே கிண்ணம் போலக் குழிந்த இலை ஒன்று நிற்கும். பல கோணங்களிலிருந்து வரும் ஒலியையும் அது பலமாகத் திருப்பி அனுப்புவதால், வௌவால் பூவைத் தேடும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. 2011ல் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

இந்த மூன்றும் போதும், உங்கள் கப்பலுக்கு இலக்கணம் கிடைத்துவிட்டது. நடமாடும் இடமெல்லாம் சுவர் கரடாக, பள்ளமும் மேடுமாக இருக்கும். ஒவ்வொரு வாசலின் இரு பக்கமும் குழிந்த கிண்ணம் ஒன்று பதிந்திருக்கும். அதுதான் அவர்களின் வாசல் விளக்கு. தரையில் எங்கும் வழவழப்பு இருக்காது, தண்ணீர்த் தொட்டியைத் தவிர. சிறை மட்டும் நான்கு பக்கமும் வழவழப்பாக இருக்கும். அவர்களில் ஒருவரை அங்கே அடைத்தால் சுவர் எங்கே என்றே தெரியாமல் தவிப்பார். மனிதர்களுக்கோ கப்பலிலேயே அதுதான் பழகிய மாதிரியான அறை. இந்த முரண் உங்கள் கதாசிரியருக்கும் பயன்படும், சொல்லிப் பாருங்கள்.

சுவர்ப் பள்ளத்தின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அவர்கள் எழுப்புவது 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்று வைத்துக்கொண்டால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 7 மி.மீ. ஆகவே அவர்கள் சுவரில் எழுதும் எழுத்து 8 மி.மீ. அகலத்துக்குக் குறையாத பள்ளங்களாக இருக்கட்டும். இரண்டு கையிலும் சேர்த்து ஆறு விரல் என்பதால் எண்கள் ஆறின் அடுக்குகளில் போகட்டும். குறிகளை மும்மூன்றாகக் கட்டுங்கள். யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். எட்டுப் பகுதி முழுக்க ஒரே முறை இருந்தால் அது ஒரு மொழி என்று பார்ப்பவருக்குத் தானாகவே பிடிபடும்.

அடுத்தது நிறம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கண்ணில்லாதவர்கள் சுவருக்கு வண்ணம் பூச மாட்டார்கள். ஒரே சுவரில் பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை, பாசி மஞ்சள் என்று அடுத்தடுத்த பலகைகள் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். எந்தப் பொருள் கிடைத்ததோ அதன் நிறம். கறை படிந்தால் துடைக்கவும் மாட்டார்கள், அது கைக்குத் தட்டுப்பட்டால் ஒழிய. ஆனால் பலகைகள் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தால் ஒரு பிசிறு இருக்காது. கண்ணுக்கு அலங்கோலம், விரலுக்கு நேர்த்தி. உங்கள் பெயிண்டர்கள் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே தொனிக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள், தடுத்துவிடுங்கள். கை பட்டுத் தேய்ந்த மினுக்கம் ஐந்தடி உயரத்தில், மூன்று விரல் அகலத்தில் வர வேண்டும். நம் வழக்கப்படி மூன்றரை அடியில் தேய்த்துவிட்டால் அது மனிதர் நடமாடிய சுவராகிவிடும்.

அப்படியானால் கேமராவுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? மனிதர்களின் தலைக்கவச விளக்கு ஒன்று. மற்றதெல்லாம் கசிவு. இயந்திரம் சூடாகும்போது தன்னால் வெளிப்படும் செம்மஞ்சள் ஒளி, தொட்டியில் வளரும் ஏதோ ஓர் உயிரின் மினுக்கம். இந்த ஒளி விளக்கு தேவைப்படும் இடத்தில் இருக்கவே கூடாது. முழங்கால் உயரத்தில், குழாய்க்குப் பின்னால், கூரையின் ஒரு மூலையில் என்று சம்பந்தமில்லாத இடங்களிலிருந்து வரட்டும். முகத்துக்கு நேரே ஒளி விழாத அறையைப் பார்த்ததும் இது நமக்காகக் கட்டியது அல்ல என்று பார்ப்பவருக்கு உறைத்துவிடும். சுவரின் பள்ளங்கள் தெரியவும் இதுதான் வழி. நேரே அடிக்கும் ஒளி பள்ளத்தைத் தட்டையாக்கும். சுவரோடு 15 அல்லது 20 பாகை கோணத்தில் உரசிக்கொண்டு போகும் ஒளிதான் அதை எடுத்துக் காட்டும்.

ஊதாவை ஒரேயடியாக விட்டுவிடுங்கள். அடர்ந்த ஊதா எல்.இ.டி. வெளிச்சத்தில் கேமராவில் நீலத்தைப் பதியும் சேனல் முதலில் நிரம்பி வழியும், முகத்தில் தோலின் நுணுக்கம் போய் பிளாஸ்டிக் பூசியது போலாகும். பிறகு நிறத்தைத் திருத்தும் கலர் கிரேடிங்கில் மீட்க முடியாது. மஞ்சள் சாயலுள்ள 3200 கெல்வின் டங்ஸ்டன் நிறத்தை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டை எல்.இ.டி. ஒளித்து வைப்பதானால், மீட்டருக்கு 60 புள்ளி உள்ள பட்டையில் புள்ளிக்குப் புள்ளி 17 மி.மீ. இருக்கும், பால் நிற அக்ரிலிக் அதிலிருந்து 25 மி.மீ.யாவது தள்ளி இருந்தால்தான் புள்ளிகள் கரைந்து ஒரே கோடாகத் தெரியும். 24 வோல்ட் பட்டை வாங்குங்கள், 5 மீட்டருக்கு மேல் போனால் இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசி முனை மங்கிப் பழுப்பேறும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவான டிம்மர்கள் நொடிக்குச் சில நூறு தடவை அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் கறுப்புப் பட்டைகள் ஓடும். படப்பிடிப்புக்கு எடுக்கும் அதே கேமராவில், அதே ஷட்டரில், டிம்மரைப் பத்து சதவீதத்துக்கு இறக்கிச் சோதித்த பிறகுதான் சுவருக்குள் பூட்ட வேண்டும்.

இனி உங்கள் பொருள் கேள்வி. கை எட்டும் சுவருக்குத் தெர்மோகோலும் வேண்டாம், ஃபைபரும் வேண்டாம். வேக்குவம் ஃபார்மிங் செய்யுங்கள். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில், கணினி வழிநடத்தும் சி.என்.சி. ரவுட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தை வைத்து 4 அடிக்கு 2 அடி மாஸ்டர் அச்சு செய்து, 2 மி.மீ. ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன் மேல் உறிஞ்ச வைத்தால் ஒரு பலகை தயார். ஏறக்குறைய ஒன்றரை கிலோதான் எடை. வெவ்வேறு நிறத் தகடாகவே வாங்கினால் மேலே சொன்ன நிறக் கலவை தானாக வந்துவிடும், பெயிண்ட் செலவு குறையும்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அச்சில் 8 மி.மீ. பள்ளம் வெட்டினால் பலகையில் 8 மி.மீ. கிடைக்காது. தகடு பள்ளத்தின் இரு பக்கமும் படிவதால் அதன் தடிமனே 3, 4 மி.மீ.யைத் தின்றுவிடும். அச்சில் 12 மி.மீ. வெட்டுங்கள். ஆழம் அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தகடு உள்ளே இறங்காமல் பாலம் போட்டு நின்றுவிடும். பள்ளத்தின் பக்கங்களுக்கு 5 பாகை சரிவு கொடுங்கள், நேராக வெட்டினால் பலகை அச்சை விட்டு வராது. ஆழமான இடங்களில் எல்லாம் 1 மி.மீ. துளை போட்டு காற்று போக வழி வையுங்கள். முதல் பலகையிலேயே எழுத்து மழுங்கி வந்தால் பெரும்பாலும் காரணம் துளை போதாமைதான்.

ஏழடிக்கு மேலே, யாரும் தொடாத கூரைப் பகுதிகளுக்குத் தெர்மோகோல் சரி. ஸ்ப்ரே பெயிண்டும் பாலியெஸ்டர் ரெசினும் அதைக் கரைத்துவிடும் என்பதை மறக்காதீர்கள். முதலில் மெல்லிய பருத்தித் துணியை வெள்ளைப் பசையில் நனைத்துப் போர்த்தி, தண்ணீர் கலக்கும் பெயிண்ட் இரண்டு கோட் கொடுக்க வேண்டும். தீ பரவாத ரகம் கேட்டு வாங்குங்கள், எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரை அதற்குள் புதைக்காதீர்கள்.

தளத்தைச் சுற்றி 4 அடி வழி விட்டால் 52க்கு 32 மிஞ்சும். அதில் 32 அடி விட்டமுள்ள ஒரு வளையம் போடுங்கள். வெளிவட்டத்தில் 7 அடி அகல நடைகூடம், நடுவில் கட்டுப்பாட்டு அறை. நேர்கோட்டு நடைகூடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்தால் பத்து நொடியில் சுவர் வந்துவிடும். வளையத்துக்கு முடிவு கிடையாது; நடைகூடத்தின் நடுக்கோட்டில் ஒரு சுற்று ஏறக்குறைய 78 அடி, நொடிக்கு நான்கடி நடந்தால் 20 நொடி, இரண்டாம் சுற்றில் வெளிச்சத்தை மாற்றினால் அது வேறொரு தளம். இரண்டு அடிப் பலகைகளையே பக்கம் பக்கமாக நிறுத்தி வட்டத்தைப் பலகோணமாக்கிவிடலாம், எதையும் வளைக்க வேண்டியதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வரிசை என்றால் இரு சுவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 150 பலகை பிடிக்கும். ஒரே அச்சு என்றால் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். நான்கு அச்சு செய்து, எழுத்து இல்லாதவற்றைத் தலைகீழாகவும் மாட்டினால் போதும்.

மிச்சமுள்ள 20 அடிப் பகுதியில் சிறை. நடைகூடத்துப் பலகைகளைத் தாங்கும் சட்டங்களின் பின்பக்கத்தில் வழவழப்பான தகட்டை ஒட்டிவிட்டால், வேண்டியவற்றைக் கழற்றித் திருப்பி மாட்டி அதைக் கட்டிவிடலாம். 45 பாகையில் வெட்டிய மரச்சட்டங்களில் தொங்கவிட்டால் திருகாணியே வேண்டாம், கேமராவுக்கு இடம் வேண்டுமென்றால் எந்தச் சுவரையும் தூக்கி வைக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வழவழப்பு என்றதும் பளபளப்பான தகட்டை வாங்கிவிடுவார்கள். படத்தில் கேமராவும் ஆட்களும் பிரதிபலிப்பார்கள். அவர்களின் 7 மி.மீ. அலைக்குப் பளபளக்காத மேட் பெயிண்டும் கண்ணாடிதான். மேட் அடித்துவிடுங்கள்.

ஒலிப்பதிவாளரை இப்போதே கூப்பிட்டுப் பேசுங்கள். வட்ட அறை பேச்சைக் குவித்து நடுவில் நிற்பவர் மேலேயே திருப்பிப் போடும். சுவரில் இருக்கும் பள்ளம் இதற்கு உதவாது. 1 கிலோஹெர்ட்ஸ் பேச்சொலியின் அலைநீளம் 34 செ.மீ., அது 8 மி.மீ. பள்ளத்தைக் கண்டுகொள்ளாது. கட்டுப்பாட்டு அறையில் ஒன்றுவிட்டு ஒரு பலகையை 7 பாகை சாய்த்து வையுங்கள், கூரைத் திறப்பில் கனத்த கறுப்புக் கம்பளித் துணி கட்டுங்கள், தரைப் பலகைக்குக் கீழே கண்ணாடிப் பஞ்சு அடையுங்கள். விண்வெளிப் படங்களின் கப்பல்களில் எப்போதும் ஒலிக்கும் அந்த 'உம்ம்' இரைச்சலும் இங்கே பொருந்தாது. எதிரொலியில் வாழ்கிறவர்களுக்கு இரைச்சல் என்பது மூடுபனி. அவர்கள் இயந்திரங்களைத் தேடித்தேடி ஓசையடக்கி வைத்திருப்பார்கள். நிசப்தமான கப்பல் என்று ஒலி வடிவமைப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

திரைகளுக்குப் பதில் கட்டுப்பாட்டு அறையில் கையால் அறியும் கருவிகள் வேண்டும்: இழுக்கும் வடங்கள், அழுத்தினால் புடைத்தெழும் தோல் பரப்புகள். மூன்று விரல் கையுறைக்குள் நடிகருக்கு ஸ்பரிசம் தெரியாது, ஆகவே எதுவும் 50 மி.மீ.க்குச் சிறியதாக வேண்டாம், அசைவு மூன்று மீட்டர் தள்ளியிருந்தும் தெரிய வேண்டும். முகமூடியில் கண் துளை இல்லாததால் நடிகர்கள் கழுத்து வலை வழியாகத்தான் பார்ப்பார்கள். வாசல் 8 அடி உயரம், 4 அடி அகலம், நிலைப்படியே கூடாது. உயர வேறுபாடு வேண்டுமென்றால் சரிவு போடுங்கள்.

எல்.இ.டி. சுவர் தேவையில்லை. 2019ல் தொடங்கிய, ஸ்டார் வார்ஸ் உலகில் நடக்கும் மேண்டலோரியன் தொடருக்கு 75 அடி விட்டத்தில், 20 அடி உயரத்தில், 270 பாகை வளைத்து அதைக் கட்டியதற்குக் காரணம் உண்டு: பரந்த நிலக்காட்சியும், சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்கும் கதாநாயகனின் கவசமும். உங்கள் கப்பலுக்கு ஜன்னலே கிடையாது. அந்தப் பணத்தை அச்சுகளில் போடுங்கள்.

மனிதர்களின் கப்பலும் கதையில் வருமென்றால் அதை வேறொருவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். 1979ல் வந்த ஏலியன் படத்தில் மனிதர் கப்பலின் உட்புறத்தை ரான் காப் வரைந்தார், அந்நியக் கப்பலை எச். ஆர். கீகர் வரைந்தார். இரண்டு கை என்பது திரையில் தெரிகிறது.

150 பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஓர் அச்சில் நான்கு நிறத்தில் நான்கு பலகை எடுங்கள். நிறுத்தி வைத்து, பக்கவாட்டு ஒளியில், தலைக்கவச விளக்கோடு ஒருவரை நடக்கவிட்டுப் படம் பிடித்து இயக்குநரிடம் காட்டுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பள்ளத்தை 14 மி.மீ. ஆக்கிப் பாருங்கள்.