ஓடும் வண்டும் அசையாத இலையும்

கேள்வி: ராத்திரி காட்டில் டார்ச் அடித்தபோது சருகுக்குள் ஒரு கறுப்பு வண்டு சரசரவென ஓடியது. பக்கத்துச் செடியில் இலையோடு இலையாகப் பச்சை வெட்டுக்கிளி ஒன்று, கொம்பு மட்டும் உடம்பைவிட நீளம். இவை என்ன பூச்சிகள்? ஒன்றை ஒன்று தின்னுமா?

பதில்: ஓடியது தரை வண்டாக இருக்கும். செடியில் இருந்தது கேட்டிடிட். நாம் வெட்டுக்கிளி என்று சொன்னாலும், சாதாரண வெட்டுக்கிளிக்குக் கொம்பு குட்டை, இது சுவர்க்கோழிக்குத்தான் நெருங்கின சொந்தம்.

தின்பதில் வண்டுதான் முரடு. புழு, நத்தை என்று கிடைத்ததைப் பிடிக்கும், அதிலும் பல இனங்கள் இரைமேல் செரிமான நீரைக் கக்கி, அது கூழான பிறகு உறிஞ்சும். கேட்டிடிட் பெரும்பாலும் இலை தின்னி, ஆனால் எல்லாமே சாது இல்லை, வேட்டையாடும் இனங்களும் உண்டு. ஒன்று தரையில், ஒன்று செடியில் என்பதால் இரண்டும் சந்திப்பதே குறைவு. அப்போதுதான் தோலுரித்து மெத்தென்று இருக்கும் கேட்டிடிட் தவறிக் கீழே விழுந்தால் வண்டு சும்மா விடாது.

வளர்கிற விதமும் வேறு. வண்டுக்குப் புழு, கூட்டுப்புழு என்று பருவங்கள் உண்டு, புழுவைப் பார்த்தால் இதுவா வண்டாகப் போகிறது என்று நம்ப முடியாது. கேட்டிடிட் குஞ்சோ பெரும்பாலும் இறகில்லாத குட்டி கேட்டிடிட், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது அதன் காது. முன்னங்காலில், முட்டிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது! ஆண் முன்னிறகுகளை ஒன்றோடொன்று உரசிப் பாட, பெண் காலால் கேட்கும்.

கேள்வி: கையில் பிடிக்கலாமா?

பதில்: வேண்டாமே. பெரிய கேட்டிடிட் நறுக்கென்று கடிக்கும். தரை வண்டு பின்பக்கத்திலிருந்து நாற்றமடிக்கும் திரவத்தை விடும். அந்தக் குடும்பத்திலேயே குண்டுவீச்சு வண்டு என்று ஒன்று இருக்கிறது, அது வயிற்றுக்குள் ரசாயனங்களைக் கலந்து கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் 'டப்'பென்று பீய்ச்சும். நீங்கள் பார்த்தது அதுவா இல்லையா என்று விரலை வைத்துச் சோதிக்க வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்புங்கள்.