அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் டிக்கெட் இருந்தும் சீட் இல்லை என்றால் என்ன கிடைக்கும்?

இருக்கையைவிட அதிகமாக டிக்கெட் விற்பது அங்கே சட்டப்படி சரிதான். ஆனால் யாரையும் இறக்கிவிடுமுன், சீட்டை விட்டுக்கொடுக்க யாராவது தயாரா என்று கேட்டே ஆக வேண்டும். அதற்கு ஈடாகப் பேசும் தொகைக்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. விமானம் ஏறும் கேட்டில் சொல்லும் முதல் தொகைக்கே தலையாட்டாதீர்கள். பணத்துக்குப் பதில் வவுச்சர் (பயணக் கூப்பன்) என்றால் காலாவதித் தேதியையும், அடுத்த விமானத்தில் உறுதியான சீட்டா வெறும் காத்திருப்பா என்பதையும் முதலில் கேளுங்கள்.

கட்டாயமாக இறக்கிவிட்டால் கதை வேறு. மாற்று விமானம் உங்களை 1 முதல் 2 மணி நேரம் தாமதமாகச் சேர்த்தால் ஒருவழிக் கட்டணத்தின் 200% இழப்பீடு, அதற்கு மேல் போனால் 400%. 2025 ஜனவரி முதல் இவற்றின் உச்சவரம்பு முறையே 1,075, 2,150 டாலர். வவுச்சரை மறுத்துப் பணமாகவே, பொதுவாக அன்றே, கேட்கலாம். உங்கள் உரிமைகளை எழுத்தில் தருவதும் விமான நிறுவனத்தின் கடமை.

பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். புறப்பாட்டுக்கு 15 நிமிடம் முன் கேட்டில் இல்லையென்றால் பெரிய நிறுவனங்களில் சீட் கைமாறிவிடும்; இழப்பீடும் கிடையாது. பாதுகாப்புக் காரணமாகச் சிறிய விமானமாக மாற்றப்பட்டாலும், விமானமே ரத்தானாலும் இந்த விதி பொருந்தாது. ரத்தான விமானத்தில் நீங்கள் பயணத்தையே கைவிட்டால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வரும்.