புகைபிடிப்போர் விகிதம் குறைகிறது என்றால் எல்லாரிடமும் குறைகிறதா?

புகைபிடிப்போர் விகிதம் என்பது நூறு பெரியவர்களில் இப்போது எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்ற கணக்கு. இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் அது 2009-10இல் 14 விழுக்காடாக இருந்து, 2016-17இல் 10.7 ஆகக் குறைந்தது. அப்படியானால், காரைக்குடிப் பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்கத் தொங்கும் கயிற்றின் கனல் ஏன் அணையவில்லை என்று கேட்பது நியாயமே.

அந்த எண் ஒரு சராசரி. ஊருணியின் சராசரி ஆழம் இடுப்பளவு என்றாலும் படித்துறையில் கணுக்காலளவும் நடுவில் ஆள் மூழ்கும் அளவும் நீர் இருப்பதுபோல, அதே 2016-17 கணக்கில் ஆண்களில் 19 விழுக்காட்டினரும் பெண்களில் 2 விழுக்காட்டினரும் புகைத்தனர். படிப்பும் வருமானமும் குறைந்தோரிடம் இப்பழக்கம் மிகுதி; வெயிலில் உழைப்பவருக்குப் பீடி மலிவாகக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்க, அதை விடுவதற்கான உதவி எட்டாத இடத்தில் இருக்கிறது என்பதே என்னை மிகவும் வருத்துகிறது.

இன்னொரு பக்கம், திரவத்தை மின்கலத்தால் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட் இளையோரை ஈர்க்கிறது: அமெரிக்காவில் 2021இல் பெரியவர்களில் 4.5 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்த, 18 முதல் 24 வயதினரில் அது 11 விழுக்காடு. இந்தியாவில் அதன் விற்பனை 2019 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

மின்சிகரெட்டிலிருந்து வருவது வெறும் நீராவி என்று பலர் நம்புவது தவறு. பெரும்பாலானவற்றில் சிகரெட்டில் உள்ள, பழக்கத்துக்கு அடிமையாக்கும் அதே நிக்கோட்டின்தான் இருக்கிறது.